சம்பளம் இருந்த காலமும் இல்லாத காலமும்: புதுமைப்பித்தன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் தமிழில் சிறுகதை எழுதுகிறவர்களில் பலர், எப்போதாவது ஒருமுறை தொலைக்காட்சி நாடகத்துக்கும் எழுதிப் பார்த்தவர்கள். நானும் அவர்களில் ஒருவன். நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்புக் குழுவில் அண்மையில் புதுமைப்பித்தனை எடுத்துக்கொண்டபோது, நாடகத்துறையில் புதிதாக நுழைந்திருக்கும் இளைஞர் ஒருவர், "சினிமாதானே அண்ணே அவரைக் கொன்றது?" என்று கேட்டார். அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்குத் தலையை ஆட்ட வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அவருடைய நாற்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கையை, ஒரு மருத்துவர் நோயாளியின் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்ப்பதுபோல, வரிசையாகப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

இதை நிகழ்வு ஆய்வு என்று அழைப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய கதைகளின் இலக்கியத் தகுதி பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்த வேலை எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. ஓர் எழுத்தாளர் எந்த ஆண்டில் எந்த வேலையில் இருந்தார், அந்த ஆண்டில் என்ன எழுதினார், பணம் எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

தொடக்கம்

புதுமைப்பித்தன் என்ற புனைபெயரில் எழுதிய சொ. விருத்தாசலம் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்ததால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. எட்டு வயதில் தாய் பர்வதத்தம்மாளை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். தந்தை ஓய்வு பெற்றபின் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. பாளையங்கோட்டையில் பள்ளிப் படிப்பும் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் மேற்படிப்பும் முடித்து 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். கமலாவும் பின்னாளில் சிறுகதைகள் எழுதியவர் என்பது இன்றைய வாசகர்களில் பலருக்குத் தெரியாமல் போய்விட்டது.

அரசாங்க உத்தியோகஸ்தரின் மகன், பட்டதாரி, திருமணமானவர்: அந்தக் காலத்துக் கணக்குப்படி இவர் நேராக ஒரு கச்சேரியில் குமாஸ்தாவாகவோ வக்கீலாகவோ போய் அமர்ந்திருக்க வேண்டும். அப்படி அமரவில்லை என்பதும், தந்தையோடு மனத்தாங்கல் ஏற்பட்டது என்பதும், 1934இல் எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போனார் என்பதும் தெரிந்த செய்திகளே. தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இவற்றை விரிவாகச் சொல்கிறது. அந்த நூலின் வேகமும் கோபமும் இன்றுவரை நம் மனத்தில் புதுமைப்பித்தனின் உருவத்தை வரைந்துகொண்டிருக்கின்றன. வறுமையில் வாடி மாண்ட மேதை என்ற படிமம் அங்கிருந்து வந்ததே. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. நடுவில் அவர் சம்பளத்தோடு இருந்த ஏறத்தாழ எட்டு ஆண்டுக் காலத்தை அது விழுங்கிவிடுகிறது என்பதே என் குறை.

எழுதிக் குவித்த ஆண்டுகளும் எழுதி முதிர்ந்த ஆண்டுகளும்

அச்சில் வந்த அவருடைய முதல் எழுத்து 'குலாப்ஜான் காதல்' என்ற கட்டுரை. 1933இல் 'காந்தி' இதழில் வந்தது. மறு ஆண்டு 'மணிக்கொடி' இதழில் கதைகள் வரத் தொடங்கின. 'பொன்னகரம்' 1934இல் எழுதப்பட்டது. 'துன்பக்கேணி' 1935. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போன மக்களைப் பற்றிய அந்தக் கதையை எங்கள் குழுவில் வாசித்தபோது, ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து இங்கு வந்து குடியேறிய ஓர் அம்மா, தன் பாட்டி சொன்ன கங்காணிக் கதைகளை அரைமணி நேரம் சொன்னார். அன்றைக்கு மற்ற கதைகளை வாசிக்க நேரம் கிடைக்கவில்லை.

அவர் எழுதிய கதைகள் மொத்தம் நூற்றுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் பெரும் பகுதி 1934, 1935ஆம் ஆண்டுகளில், அதாவது நிலையான சம்பளம் ஏதும் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. 'ஊழியன்' இதழில் சிறிது காலம் வேலை பார்த்தார், அது நிலைக்கவில்லை. மணிக்கொடி என்ற இதழ் தமிழ்ச் சிறுகதைக்குச் செய்ததை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அதில் எழுதி எவரும் குடும்பம் நடத்தியிருக்க முடியாது. கமலா நெடுங்காலம் திருவனந்தபுரத்திலேயே பெற்றோர் வீட்டில் இருந்தார். கணவர் சென்னையிலிருந்து அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வந்துள்ளன. ஓர் இலக்கிய இயக்கத்தின் செலவில் ஒரு பகுதியைத் திருவனந்தபுரத்தில் இருந்த ஒரு பெண் ஏற்றுக்கொண்டார் என்று அவற்றைப் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது.

இந்த இரண்டு ஆண்டுகள், நிலையான சம்பளமே அவருடைய பெரிய கதைகளுக்கு இடம் கொடுத்தது என்ற என் வாதத்துக்கு எதிரான சான்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சம்பளம் இருந்தால்தான் எழுத முடியும் என்று யாராவது சொன்னால், 1934ஐக் காட்டி அவர் வாயை அடைத்துவிடலாம். ஆனால் கதைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வெளிவந்த முழுத் தொகுப்பு வந்த பிறகுதான் நம்மைப் போன்ற சாதாரண வாசகர்களுக்கு இது எளிதாயிற்று. மணிக்கொடிக் காலத்துக் கதைகளில் பல மூன்று, நான்கு பக்கங்களில் முடிந்துவிடுகின்றன; ஒரு காட்சி, ஒரு குத்தல், முடிவு. அவற்றில் சில அற்புதமானவை. சில அன்றைய இதழின் பக்கத்தை நிரப்பியவை. அவர் பெயரைக் கேட்டதும் நாம் நினைக்கும் பெரிய கதைகளோ வேறொரு காலத்தைச் சேர்ந்தவை. 'மனித யந்திரம்' 1937, 'மகாமசானம்' 1941, 'செல்லம்மாள்', 'சாபவிமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகிய மூன்றும் 1943.

அந்தக் காலம் முழுவதும் அவர் 'தினமணி' நாளிதழில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நாளிதழ் வேலையை எழுத்தாளனின் விலங்கு என்று கருதும் பழக்கம் நம்மிடம் இருப்பதே. தந்தியில் வந்த ஆங்கிலச் செய்தியை இரவோடு இரவாகத் தமிழாக்குவது, புத்தக மதிப்புரை எழுதுவது, ஆண்டு மலருக்குக் கதை கேட்டு வாங்குவது என்று போகும் அந்த வேலை உயிரை வாங்கும் வேலைதான். ஆனாலும் அந்த ஆண்டுகளில்தான் அவர் முசோலினியைப் பற்றி 'பேஸிஸ்ட் ஜடாமுனி' எழுதினார். ஐரோப்பியச் சிறுகதைகளை மொழிபெயர்த்துக் குவித்தார். 'ரசமட்டம்' என்ற பெயரில் பிறரைச் சீண்டினார். 1940இல் முதல் கதைத் தொகுப்பையும் 1943இல் 'காஞ்சனை'யையும் வெளியிட்டார். 'செல்லம்மாள்' போன்ற ஒரு கதையை, துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவர் நோயாளி மனைவிக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதை அவ்வளவு பொறுமையாகச் சொல்லும் ஒரு நடையை, அடுத்த வேளைக் காப்பித்தூளுக்குக் கடன் தேடும் மனிதனால் எழுதியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். கடன் தேடும் மனிதனை அவர் 'ஒரு நாள் கழிந்தது' கதையில் எழுதினார். அதையும் சம்பளம் வந்த பிறகே எழுதினார்.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை இங்குள்ளவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது ஒரு சிறு வேடிக்கை நேரும். கதை தொடங்கும் இடம் எஸ்பிளனேடு என்றதும், மரினா பேயில் முள்நாறிப் பழம்போல் கூரை போட்டிருக்கும் நம் கலையரங்கம் பலருக்கு நினைவில் வந்துவிடும். அது சென்னையில் பிராட்வே வந்து கூடும் சந்தி என்று விளக்க வேண்டியிருக்கும். டிராமில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சும், பஸ்ஸில் போனால் அரை கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது என்ற கணக்கில் கந்தசாமிப் பிள்ளை ஆழ்ந்திருக்கும்போது அவர்முன் கடவுள் வந்து நிற்கிறார். பிற்பகுதியில் கடவுளும் தேவியும் ஒரு கலாரசிகப் பிரமுகர் முன்னால் ஆடிக்காட்டி, தேர்வாகாமல் திரும்புகிறார்கள். ஆடல்வல்லானையே 'இது எடுபடாது' என்று திருப்பி அனுப்பும் அந்தக் காட்சியை எழுதி இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் அதன் ஆசிரியர் தாமும் சினிமாக் கம்பெனிகளின் அறைகளில் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை போனதும் வசனம் வந்ததும்

1943இல் தினமணி ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு முரண்பட்டு வெளியேறினார். அவரோடு புதுமைப்பித்தனும் வேறு சிலரும் வெளியேறினார்கள். சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யில் சேர்ந்தார், அங்கும் நீடிக்கவில்லை. ஆசிரியருக்குத் துணையாக வேலையை விட்டது மரியாதைக்குரிய செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஆய்வின் கண்ணுக்கு அந்தத் தேதிதான் வாழ்க்கையின் மடிப்பு. அதற்கு முன் பெருங்கதைகள். அதற்குப் பின் 1945இல் 'கபாடபுரம்', இறுதியில் 'கயிற்றரவு', நடுவே விரல்விட்டு எண்ணத்தக்க சில கதைகள், முடிக்காமல் விட்ட ஒரு நாவல். திரைப்படத்துக்கு அவர் முழுமூச்சாகப் போவதற்கு முன்பே கதைகள் குறைந்துவிட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். சினிமா கதைகளை விழுங்கியது என்று சொல்பவர்கள் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

திரைக்குப் போன முதல் மணிக்கொடிக்காரரும் அவர் அல்லர். இளங்கோவன் 'அசோக்குமார்', 'கண்ணகி', 'சிவகவி' படங்களின் வசனங்களால் அதற்குள் பெரும்புகழ் பெற்றிருந்தார். மணிக்கொடியைச் சிறுகதை இதழாக நடத்திய பி. எஸ். ராமையாவும் அங்கே இருந்தார். பத்திரிகை கொடுக்காத கூலியைப் படம் கொடுத்தது. ஒரு தலைமுறையே அந்தப் பக்கம் நகர்ந்தது.

ஜெமினி ஸ்டூடியோவின் 'ஔவையார்' கதைப் பணியில் புதுமைப்பித்தன் பங்கு பெற்றார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கி கே. பி. சுந்தராம்பாள் நடித்த அந்தப் படம் பல கைகள் மாறி வெளிவந்தது 1953இல். அப்போது அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 'காமவல்லி'க்கு வசனம் எழுதினார். தாமே படம் எடுக்கலாம் என்று, தாயின் நினைவாகப் 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு நிறுவனமும் தொடங்கினார். திருக்குற்றாலக் குறவஞ்சியை அடியொற்றி 'வசந்தவல்லி' என்ற படத்தை எடுப்பதாகத் திட்டம். அது திரைக்கு வரவில்லை. குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் மேலகரம். கந்தசாமிப் பிள்ளைக்கும் புதுமைப்பித்தன் அதே ஊரைத்தான் கொடுத்திருந்தார். சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் தொடங்கும்போதும் அவர் தேடிப் போனது தாமிரபரணிப் பக்கத்துப் பழைய கவிதையைத்தான் என்பது, பணத்துக்காக மட்டுமே அவர் திரைக்குப் போனார் என்ற பேச்சோடு ஒட்டவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 'பொன்னகர'த்தையும் நடைபாதையில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கும் 'மகாமசான'த்தையும் எழுதியவருக்குத் திரையில் கிடைத்தவை ராஜாக்களும் பழங்கதைகளுமே. அன்றைய படங்கள் பாட்டை நம்பி ஓடின; வசனம் செந்தமிழ்ப் பட்டாடை உடுத்தி வர வேண்டியிருந்தது. அவருடைய கதைகளில் மனிதர்கள் பேசும் திருநெல்வேலிப் பேச்சுக்கு அங்கே வேலை இல்லை. அவருடைய பலம் எதுவோ அதைத் தவிர மற்றதையெல்லாம் அந்தத் தொழில் அவரிடம் கேட்டது என்றே சொல்ல வேண்டும்.

கடைசிப் படம் 'ராஜமுக்தி'. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைசென்ற எம். கே. தியாகராஜ பாகவதர் 1947இல் விடுதலையாகி, தாமே தயாரித்து நடித்த படம் அது. படப்பிடிப்பு புனேயில் நடந்ததால் வசனம் எழுதப் புதுமைப்பித்தனும் அங்கே போனார். முன்பே உடலில் இருந்த காசநோய் அங்கே முற்றியது. 1946இல் பிறந்திருந்த மகள் தினகரி அப்போது கைக்குழந்தை. புனேயிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் திரும்பி, 1948இல் அங்கேயே இறந்தார். படம் அதன் பிறகு வெளிவந்து தோல்வியடைந்தது.

கொன்றது எது என்ற கேள்விக்கு முதற்பதில் மருத்துவம் தருவது: காசநோய். அந்நோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அது உண்மையாகவே பலன் தருகிறது என்று நிறுவிய பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு வெளிவந்தது 1948 அக்டோபரில். சில மாதங்கள் பிந்திவிட்டது. தட்பவெப்பம் மாறிய ஊர், ஓய்வில்லாத வேலை, வீட்டை விட்டுப் பிரிந்த தனிமை ஆகியவை நோயை விரட்டிப் பெருக்கியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. அந்த அளவுக்குச் சினிமாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் நோயோடு இருக்கும் ஒரு மனிதர் புனேக்கு ஏன் போக வேண்டியிருந்தது என்று கேட்டால், மறுபடியும் தினமணி வேலை போன 1943இல் போய் நிற்கிறோம்.

இறந்த பின்

தாம் செத்த பிறகு நிதி திரட்ட வேண்டாம், சிலை வைக்க வேண்டாம் என்ற பொருளில் அவரே ஒரு கேலிக் கவிதை எழுதியிருந்தார். குடும்பத்துக்காக நிதி திரட்டத்தான் செய்தார்கள். வேறு வழி இல்லை. 2002இல் தமிழ்நாடு அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது.

திரையில் அவருக்குக் கிடைத்த உண்மையான வாழ்வு 1979இல் வந்தது. 'சிற்றன்னை' என்ற அவருடைய நெடுங்கதையிலிருந்து விதை எடுத்து மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். படத்தின் கதை மூலக்கதையிலிருந்து வெகுதூரம் போய்விட்டது. ஆனால் அதிலுள்ள மௌனமும், பிள்ளைகளை அவர்கள் உயரத்தில் நின்று பார்க்கும் பார்வையும் எங்கிருந்து வந்தவை என்று கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். வசனகர்த்தாவாக அவர் எழுதிய தாள்களை இன்று யாரும் தேடுவதில்லை. கதாசிரியராக எழுதிய ஒன்று, அவர் இல்லாமலே, தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாயிற்று.

இங்கே இதற்கு என்ன வேலை

1950களின் தொடக்கத்திலேயே மலாயா, சிங்கப்பூர்த் தமிழ் ஏடுகளில் புதுமைப்பித்தனை வைத்துப் பெரிய வாதம் நடந்திருக்கிறது. அந்த வாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இங்கு எழுந்த ஒரு புனைபெயர். 1932இல் ஜொகூர் பாருவில் பிறந்த பி. கிருஷ்ணன், அவர்மேல் கொண்ட பற்றால் 'புதுமைதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டு சிறுகதைகள் எழுதினார். சிங்கப்பூர் வானொலியில் பணியாற்றியபடியே நூற்றுக்கணக்கான நாடகங்களை எழுதினார். கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்பிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய மக்களைப் பேச வைத்த 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' அவற்றில் ஒன்று. 2008இல் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றார். குருவுக்குக் கிடைக்காத ஒன்று தாசனுக்குக் கிடைத்தது: மாதம் பிறந்தால் சம்பளமும், மக்கள் பேசுகிற தமிழையே ஒலிபரப்பக் கேட்கும் ஒரு நிறுவனமும். இருவருடைய திறமையையும் ஒப்பிடுவது என் எண்ணம் அன்று, நிலைமைகளை ஒப்பிடுகிறேன்.

இன்று இங்கே கதை எழுதுகிறவர்கள் ஆசிரியர்களாக, பொறியாளர்களாக, தாதியராக இருக்கிறார்கள். எழுத்தை மட்டும் நம்பிப் பிழைப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 1993இல் தொடங்கிய தங்கமுனை இலக்கியப் போட்டி சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளிலும் பரிசு தருகிறது. நூல் வெளியிட மானியம் உண்டு. நாடக எழுத்து ஒப்பந்த வேலை. தொடர் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஒருமுறை நான் எழுதிய அத்தியாயத்தில், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஈமச்சடங்குக்குப் போட்ட நாற்காலிகளை ஒரு மகன் தனியாக அடுக்கி வைக்கும் காட்சி இருந்தது. அதில் வசனமே கிடையாது. படப்பிடிப்புச் செலவைக் குறைக்க அதை வரவேற்பறைக்குள் கொண்டுவந்து, மகனுக்கு அரைப்பக்க வசனமும் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் மறுநாள் எனக்குப் போக ஓர் அலுவலகம் இருந்தது. அந்தக் காட்சியைச் சிறுகதையாக எழுதி வைத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்ட இளைஞருக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். அவர் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதப்போவதாக ஏற்கெனவே கடிதம் கொடுத்துவிட்டாராம். கூட்டம் முடிந்து கோப்பிக்கடைக்குப் போனபோது, கடிதம் நடைமுறைக்கு வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றார். கோப்பிக்கு அன்று அவர்தான் காசு கொடுத்தார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.